தலைவிதியா? தாய்மாமன் கலியாணமா?

பிறந்த குழந்தை தலை நிற்காமல் துவண்டு கிடந்தால் "பூர்வஜென்ம வினை" என்பான் சோதிடன். "மருமகள் தோஷம்" என்பாள் மாமியார்.

இத்தகைய நோய்களில் ஒன்று தண்டுவடத் தசைச்சிதைவு. தசையை ஆட்டுவிக்கும் நரம்பணுக்கள் உயிர்தரிக்க வேண்டிய புரதத்தை உண்டாக்கும் மரபணுவை 1995-இல் கண்டறிந்துவிட்டார்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பழுதுபட்டதே வந்தால் அவ்வணுக்கள் மடிகின்றன. ஒற்றைப் பழுதுடையவர்கள் சுகமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட இருவர் கூடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம்.

அன்னியத்தில் கட்டினாலும் இது நேரலாம். ஆனால் தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் சராசரியாகக் கால்பங்கு மரபணு பொது. சொத்து வெளியே போகக்கூடாதென்று செய்யும் கலியாணம் பழுதையும் வெளியே விடுவதில்லை!

ஆகவே, பெண்ணைப் பழிப்பது எந்த நியாயம்? ஜாதகம் பார்க்கும் காசில் இரத்தத்தைப் பரிசோதித்தால் என்ன?