கிடார் இரைச்சலும் ஒரு காப்பர் டேப்பும்

பி.காம். படிக்கிறவனுக்கு எலக்ட்ரானிக்ஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். செலவுக் கணக்கு என்று வந்துவிட்டால் எங்களுக்கும் பேச உரிமை உண்டு :-)

எலக்ட்ரிக் கிடார் வைத்திருக்கும் நண்பர்கள் பலர், ஆம்ப்பில் 'உர்ர்ர்' என்று கேட்டதுமே புது பிக்கப் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். என் கட்சி இதுதான்: முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பிறகு பர்ஸைத் திறங்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிடார்களில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அது ஸ்ட்ரிங்கின் அதிர்வோடு ட்யூப்லைட், சார்ஜர் எல்லாவற்றின் தொல்லையையும் சேர்த்தே பிடிக்கும்.

தொல்லை இரண்டு வகை. மின்புலம் வழியாக வருவதற்கு ஷீல்டிங் போதும். பிக்கப்பும் வயர்களும் இருக்கும் பள்ளம் முழுக்கக் காப்பர் ஃபாயில் டேப் ஒட்டி, கிரவுண்ட் வயரோடு இணைக்க வேண்டும். 1836-ல் ஃபாரடே செய்த கூண்டின் தத்துவம்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் அந்த மெல்லிய தகட்டுக்கு அடங்காது. அதற்கு இரட்டைக் காயில் ஹம்பக்கர்தான் வழி. கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-லேயே அதற்குப் பேட்டன்ட் கேட்டுவிட்டார்.

எது உங்கள் பிரச்சினை? ஸ்ட்ரிங்கைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் ஷீல்டிங் உதவும். கிடாரோடு அப்படியே திரும்பி நில்லுங்கள். திசைக்குத் திசை முனகல் மாறினால் அது காந்தம், டேப்பை நம்பாதீர்கள்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். மாட்டிப் பார்த்தால் இரைச்சல் சுத்தமாக இல்லை. பாட்டும் இல்லை! சிக்னல் வயர் காப்பரில் உரசிக்கொண்டிருந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றியதும் சரியானது. முனகல் கொஞ்சம் மிச்சம், எரிச்சலூட்டும் 'கிர்ர்' போயே போச்சு.

கடைசியாக ஒன்று. இரைச்சல் குறையும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 1972-ல் ஸ்வான்ஸீ மேடையில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். கிடார் ஸ்ட்ரிங்குகளும் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவைதான். இரைச்சலோடு வாசிக்கலாம். உயிரில்லாமல் வாசிக்க முடியாது.