கொள்முதலுக்குத் தனி மென்பொருள் வேண்டும்

கணக்கு, சம்பளம், சரக்கிருப்பு, கொள்முதல் யாவற்றையும் ஒரே மேலாண்மை மென்பொருளில் அடக்குவதே சிக்கனம் என்பார் உளர். தனியார் ஆலைக்கு அது பொருந்தலாம். அரசுக் கொள்முதலின் இயல்பு வேறு. (நாராயணவனத்தில் கொள்முதல் என்றால் நெல் மூட்டையே நினைவுக்கு வரும், மொழிபெயர்ப்பாளனுக்கு இஃது ஓயாத இடர்.)

டெண்டரில் கூறப்படும் விலை, குறித்த நேரம் வரை அலுவலர் கண்ணுக்கும் மறைந்திருத்தல் வேண்டும். பின்னர் யாவரும் அறியத் திறக்கப்படல் வேண்டும். நிறுவனத்தின் உள்வேலைக்கென அமைந்த மென்பொருளுக்கு இது பிற்சேர்க்கையே. டெண்டர்ப் பெட்டியை அணுகவிடாது போட்டியாளரைத் தடுத்த வழக்கம் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தது. அங்கு 2003-இல் தனி மின்னணுக் கொள்முதல் தளம் தொடங்கப்பெற்றது. மத்திய அரசும் 2016-இல் 'ஜெம்' என்னும் மின் சந்தையை நிறுவி, மறு ஆண்டே பழைய வழங்கல் தலைமை இயக்ககத்தை மூடிவிட்டது.

குறையும் உண்டு. ஆய்வுக்கூடத்திற்குப் பத்துச் சோதனைக்குழாய் வாங்கும் ஆசிரியர், அதே பட்டியலைக் கணக்கு மென்பொருளிலும் மீண்டும் பதிய நேர்ந்தால், பிழை புகும்; தணிக்கையில் விளக்கம் கூறவேண்டியவரும் அவரே. ஆகவே தனி மென்பொருளை வாங்கும் அலுவலகம், கணக்குடன் இணைப்பையும் அந்த டெண்டரிலேயே நிபந்தனையாக எழுதுதல் வேண்டும். பின்னர்க் கேட்டால் அதற்குத் தனி விலை சொல்வார்கள்.