மேசைப் போரும் மேட்டுநில மக்களும்

ஆறடி மேசையொன்றிலே பச்சைத் துணி விரிக்கப்படுகின்றது. அதன்மேல் அட்டைக் குன்றுகள், பஞ்சு மரங்கள், விரலளவு உயரமுமில்லாத ஈயப் போர்வீரர்கள். நண்பர்கள் இருபுறமும் நின்று, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, நெப்போலியனின் போர்களை மீண்டும் நடத்துகின்றனர். பிரசியாவில் 1824 இல் இளைய ரைஸ்விட்ஸ் இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கென நூலாக்கிய ஆட்டத்தின் வழிவந்தது இது. எச். ஜி. வெல்ஸ் 1913 இல் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற நூலை வெளியிட்டு, போர் ஆட்டத்தை வீட்டுப் பொழுதுபோக்காக்கினார்.

இதற்காக வாதிடுவோர் இரண்டு நியாயங்கள் கூறுவர். ஒன்று, இதில் இரத்தம் சிந்தப்படுவதில்லை. மற்றது, இது வரலாற்றைக் கற்பிக்கின்றது. முதலாவதை மறுப்பார் இலர். மெய்ப்போரினும் பொம்மைப் போர் மேலானது என்றே வெல்ஸும் வாதிட்டார். ஆனால் இரண்டாவது நியாயம் ஆராய்ந்து பார்க்கத்தக்கது.

வாட்டர்லூ ஆட்டத்தில் பிரித்தானியரின் 73 ஆம் காலாட்படையும் இடம்பெறும். 1815 ஜூனில் அக்களத்தில் நின்றது அதன் இரண்டாவது பட்டாளம். சட்டையின் நிறம், பொத்தான், கொடி ஆகியவற்றில் அணுவளவு பிழையும் நேராதவாறு அதற்கு வண்ணம் தீட்டுவர். அதே படையின் முதலாவது பட்டாளம் அப்போது எங்கே இருந்தது? இலங்கையில் இருந்தது. 1817 இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்கிய படைகளுள் அதுவும் ஒன்று. கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மக்கள் பக்கம் சேர்ந்தார்; 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தேசாதிபதி பிரௌன்றிக்கின் ஆட்சியில் கிராமங்கள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொல்லப்பட்டன. சென்னையிலிருந்தும் படைகள் வரவழைக்கப்பட்டன.

ஈய வீரனுக்கு மனவுறுதிச் சோதனை உண்டு. தோற்றால் அவன் பின்வாங்குவான். வயலும் வீடும் எரிந்த விவசாயிக்கு எந்தச் சோதனை? அவன் பின்வாங்க மேசையில் இடம் எது? சீருடை அணிந்தவனை மட்டும் எண்ணுவது அவ்வாட்டத்தின் மரபு. ஒரு பட்டாளத்தின் பொத்தானை எண்ணி, அதன் இணைப் பட்டாளம் எரித்த ஊரை எண்ணாதது வரலாற்றுக் கல்வியாகாது. அது தளபதியின் கண்ணை இரவல் வாங்கும் பழக்கமேயாகும்.

“ஐரோப்பியப் போருக்கும் ஊவாவுக்கும் என்ன தொடர்பு?” எனச் சிலர் வினவலாம். ஒல்லாந்து பிரெஞ்சுப் பிடிக்குள் வந்ததனாலேயே 1796 இல் பிரித்தானியர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றினர். நெப்போலியன் முதற் கொன்சலாக இருந்தபோது, 1802 இல் ஆமியன் உடன்படிக்கை அதனை அவர்களுக்கே உரியதாக்கிற்று. 1815 இல் கண்டி இராச்சியமும், 1818 இல் ஊவாவின் எதிர்ப்பும் வீழ்ந்தன. பின்னர் மலைச்சரிவுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் திறந்துவிடப்பட்டன. பதுளைக்கு மேலே, நமுனுகுலை மலைப்புறத்து ஸ்பிரிங்வெளியில் கொழுந்து பறிக்கும் கைகளைத் தென்னிந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவந்த நீண்ட கதையின் முதல் ஏடுகள் இவையே.

அக்கைகளுக்குரியோரும் மேசைக் காய்களாகவே நகர்த்தப்பட்டனர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 150,000 பேரின் கதியைப் பின்னர் பேசலாமென ஒத்திவைத்தது. எந்த லயத்து வாசலிலும் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அங்கே பகடை உருளவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. அவ்வநீதி சட்டத்தில் முற்றாக நீங்க 2003 வரை செல்ல நேர்ந்தது.

ஆகவே மேசையை உடைக்க வேண்டுமென்பதன்று வாதம். சதுரங்கம் ஆடிய மண்ணுக்குப் போர் ஆட்டம் புதிதன்று. வாட்டர்லூவை ஆடும் நண்பர்கள் ஒருநாள் ஊவாவையும் ஆடட்டும். துப்பாக்கி ஏந்தியவனோடு சுமை தூக்கியவனும், பீரங்கியோடு நெற்களஞ்சியமும் அங்கே வைக்கப்படட்டும். கைப்பற்றிய குன்றுகளைக் கொண்டன்றி, எரியாது எஞ்சிய வீடுகளைக் கொண்டு வெற்றி கணிக்கப்படட்டும். அவ்வாறு ஆடினால், வென்றவர் எவருமிலர் என்பது முதல் ஆட்டத்திலேயே புலப்படும். ஸ்பிரிங்வெளி லயத்திற் பிறந்த பிள்ளை அம்மேசையருகே குனியும்போது, தன் முன்னோர் காயை நகர்த்திய கைகளல்லர், நகர்த்தப்பட்ட காய்களே என்பதை அறிந்து குனிதல் வேண்டும். அதுவே வரலாற்றுக் கல்வி. ஏனையது வெறும் ஈயம்.