கறுப்புக்கு மருந்து எதற்கு?

2025 ஆகஸ்டில், மடுத் திருவிழா முடிந்த மறுநாள், தலைமன்னார்க் கடற்கரையில் நின்றிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தாய் ஒருவர் தம் மகளின் முகத்தில் சன் கிரீம் பூசிக்கொண்டிருந்தார். நல்ல காரியந்தான். ஆனால் அவர் சொன்ன காரணம் என்னைச் சுட்டது: "பூசாமல் விட்டால் கறுத்துப் போவாய், பிள்ளை." அருகே கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கறுத்த மகள் அதைக் கேட்டபடி நின்றாள்.

அந்தத் தாயை நான் நோகமாட்டேன். வெண்மையே அழகு என்ற விளம்பரங்களை அச்சிட்ட பத்திரிகைகளில் சம்பளம் வாங்கியவன் நான். 'ஃபெயார் அன்ட் லவ்லி' கூட 2020இல் தன் பெயரிலிருந்த 'ஃபெயார்' என்ற சொல்லைக் கைவிட்டது. எமது நாக்குகள்தாம் இன்னும் கைவிடவில்லை.

கறுப்பு நோயன்று. தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி, புற ஊதாக் கதிரைத் தடுக்க இயற்கை தந்த கவசம். அது முழுக் கவசமுமன்று. கறுத்த தோலும் வெந்துபோகும், கண்ணும் பாதிக்கப்படும். ஆகவே நிழல் வேண்டும், தொப்பி வேண்டும், நீண்ட கைச்சட்டை வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தையை நிழலில் வைத்திருப்பதே முதற் பாதுகாப்பு. நமது நிழல் நம்மைவிடக் குட்டையாகும் வேளையில் வெயில் கடுமையானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த வேளையிற்றான் எமது பாடசாலைகள் விளையாட்டுப் போட்டிகளை நடத்துகின்றன!

உண்மையில் இந்தக் களிம்பு உயிர்காக்கும் மருந்தாவது யாருக்கு? மெலனின் இல்லாமலோ மிகக் குறைவாகவோ பிறக்கும் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு வெயில் என்பது தோற் புற்றுநோயின் வாசல். உலக சுகாதார நிறுவனம் 2025இல் சன்ஸ்கிரீனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது இத்தகையோரை முன்னிட்டே.

நாமோ அதனை அழகுசாதனமாக மட்டுமே பேசிவருகிறோம். அழகுசாதனத்தை இலவசமாகக் கொடு என்று எந்த அரசாங்கத்திடம் கேட்க முடியும்? எமது நிறவெறி கறுத்த பிள்ளையை அவமதிப்பதோடு நிற்கவில்லை. நிறமியற்ற பிள்ளையின் மருந்தையும் மறைத்துவிடுகிறது.

அரசாங்க மருத்துவமனைகள் அப்பிள்ளைகளுக்கு இதனை இலவசமாக வழங்கவேண்டும். பாடசாலைகள் தொப்பியையும் நீண்ட கைச்சட்டையையும் அனுமதிக்கவேண்டும். போட்டிகளைக் காலையிலேயே முடிக்கவேண்டும்.

தாய்மாரே, பூசுங்கள். "தோல் வெந்துவிடும்" என்று சொல்லிப் பூசுங்கள். "கறுத்துப் போவாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது.