ஒரு சைக்கிளும் ஒரு ஜோடிக் காலணியும்



சென்ற இதழில் வீட்டுக் கடனைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை நான் எழுதப்போவது வேறொரு கடனைப் பற்றியது. அது எந்த வங்கிக் கணக்கிலும் எழுதப்படாத கடன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்துபோன பின்பு, ஒரு சகோதரர் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே நின்றார். அடுக்க வேண்டியவை தீர்ந்த பின்பும் அவர் போகவில்லை. “பாஸ்டர், ஒன்று கேட்கலாமா?” என்றார். “நான் ஆறு வருஷமாக ஓடுகிறேன். ஒரு நாள்கூட அவள் என்னைத் தடுத்ததில்லை. இப்போது அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் வருகிறதென்று தெரியவில்லை.”

இந்தக் கேள்வியை இவ்வளவு நேர்மையாக என்னிடம் கேட்டவர்கள் குறைவு. அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

குடும்பம் தானே நகரில் இருக்கிறது. அவர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். மனைவி பள்ளி ஆசிரியை. 11 வயதில் மகள், 7 வயதில் மகன். அதிகாலை 5 மணிக்கு உப்வன் ஏரிக்கரையில் நீங்கள் நின்றால் அந்தச் சகோதரரைப் பார்த்திருக்கலாம். 2004ஆம் ஆண்டு தொடங்கிய மும்பை மாரத்தானில் அவர் இரண்டு முறை 21 கிலோமீட்டர் ஓடியவர். சென்ற ஜனவரியில் 42 கிலோமீட்டர் ஓட்டத்தையும் முடித்தார். மனைவியோ 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்துக்குப் பின்பு, பிள்ளைகளுக்குத் துணையாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர். யேவூர் மலைச்சாலையில் ஏறிப் பழகிய பின்பு, அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. ‘பிரெவே’ என்னும் நெடுந்தூரப் பயணத்தை முடிக்க வேண்டும் என்பதே அது.

அது என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டின் ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் சங்கத்தின் விதிகளின்படி உலகெங்கும் இப்பயணங்கள் நடக்கின்றன. நம் நாட்டில் ஓடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். 300 கிலோமீட்டருக்கு 20 மணி, 400 கிலோமீட்டருக்கு 27 மணி, 600 கிலோமீட்டருக்கு 40 மணி. வழியில் ‘கண்ட்ரோல்’ எனப்படும் இடங்களில் அட்டையைக் காட்டி, வந்ததற்கு அடையாளம் பெற வேண்டும். இதில் முதலிடம் இல்லை, கடைசி இடமும் இல்லை. நேரத்துக்குள் முடித்தவர் அனைவரும் ஒன்றே. இன்னொரு விதியும் உண்டு: சாலையில் யாரும் உடன்வந்து உதவக்கூடாது. பஞ்சர் ஆனால் தானே ஒட்ட வேண்டும். சொந்தக்காரர் உதவ விரும்பினால் கண்ட்ரோலில் மட்டுமே உதவலாம்.

தானேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் கசாரா கணவாய் ஏறி இகத்புரி வரை சென்று திரும்பினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அச்சகோதரி பிப்ரவரியில் 200, மார்ச்சில் 300 என்று இலக்கு வைத்திருந்தார். கணவருக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

அவரிடம் நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. சபை அறிவிப்புத் தாள் ஒன்றைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் கணக்கெழுதச் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் ஒவ்வொரு மணி நேரம், சனிக்கிழமை நீண்ட ஓட்டம் மூன்று மணி நேரம். ஆக வாரத்துக்கு 6 மணி. ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால் 300 மணி. ஆறு ஆண்டுகளுக்கு 1,800 மணி. பின்பு மனைவி கேட்பதை எழுதச் சொன்னேன். பயணங்கள் இரண்டுக்கும் சேர்த்து 33 மணி 30 நிமிடம். அதற்கு முன் 12 வாரப் பயிற்சி. சனிக்கிழமைகளில் ஐந்து மணி, வார நாட்களில் மொத்தம் இரண்டரை மணி. ஆக 90 மணி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 124 மணி.

“அந்த 1,800 மணி நேரமும் வீட்டில் யார் இருந்தார்கள்?” என்று கேட்டேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரியமானவர்களே, ஓட்டத்தையும் குடும்பத்தையும் சமநிலையில் வைத்திருந்ததாக அவர் ஆறு ஆண்டுகள் எண்ணியிருந்தார். உண்மையில் தராசின் மறுதட்டில் அவர் மனைவியே அமர்ந்திருந்தார். அவர் எழுந்து ஒரு சைக்கிளில் ஏறியபோதுதான் தட்டு சாய்வது கணவருக்குத் தெரிந்தது. அவருடைய கோபத்தின் காரணம் சைக்கிள் அல்ல. இதுவரை இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு முதல்முறையாக விலை சொல்லப்பட்டது, அதுவே காரணம்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அவற்றில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர் மட்டுமே.

ஊரில் இருந்தால் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. பக்கத்து வீட்டில் பாட்டி இருப்பார். அடுத்த தெருவில் அத்தை இருப்பார். பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த நமக்கு அந்தக் கைகள் இல்லை. இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்தினால், மிஞ்சுவது கணவனும் மனைவியும் மட்டுமே. ஒருவர் வெளியே போனால் மற்றவர் உள்ளே இருந்தே ஆக வேண்டும்.

இதை எழுதுகிற நானும் குற்றமற்றவன் அல்ல. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் சனிக்கிழமை முழுவதும் வீட்டுக்கூட்டங்களுக்காக ரயிலில் அலைந்தேன். ஒற்றை அறைச் சாலில் இரண்டு சிறு பிள்ளைகளோடு என் மனைவி இருந்தாள். ‘ஊழியம்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யார் கேள்வி கேட்பார்கள்? அவளும் கேட்கவில்லை. கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்தே அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே அந்தத் தம்பதியர் இருவரையும் அமரவைத்துப் பேசியபோது நாங்கள் கண்டடைந்த சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இருவருடைய உச்சமும் ஒரே பருவத்தில் வரக்கூடாது. ஜனவரி வரை வீடு அவருடைய ஓட்டத்துக்கு இடம்கொடுத்தது. பிப்ரவரியும் மார்ச்சும் மனைவிக்குரியவை. நாட்காட்டியில் எழுதி, முடியும் தேதியையும் குறித்தார்கள். முடிவு தெரியாத தியாகம் சில வாரங்களில் முறுமுறுப்பாக மாறிவிடும். முடிவு தெரிந்தால் மனிதன் பொறுமையாயிருப்பான்.

இரண்டாவது, ஓட்டம் சுருங்கக்கூடியது. நெடுந்தூரச் சைக்கிள் பயணம் சுருங்காது. 40 நிமிடத்தில் ஒருவர் ஓடிவிட்டு வந்து பிள்ளைகளை எழுப்பிவிடலாம். 200 கிலோமீட்டரைத் துண்டு துண்டாக ஓட்ட முடியாது. எனவே மணிக்கு மணி சரிசமமாகப் பங்கிடுவது நீதியாகத் தோன்றினாலும் நடைமுறைக்கு உதவாது. அச்சகோதரர் நீண்ட ஓட்டங்களை விட்டுவிட்டு, வாரம் மூன்று முறை 40 நிமிடம் ஓடினார். அதில் ஒன்றை மட்டும் வேகமாக ஓடினார்; அப்படிச் செய்தால் சில வாரங்களில் உடற்தகுதி பெரிதும் குறைந்துவிடாது. வயதுவந்தோருக்கு வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடக் கடும் உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல். அவருடைய 120 நிமிடம் அதற்குள் அடங்கும். மாலையில் அவர் ஏரிக்கரையில் ஓட, மகன் தன் சிறிய சைக்கிளில் உடன்வந்தான்.

மூன்றாவது, வீட்டை ஒப்படைத்தால் முழுவதும் ஒப்படையுங்கள். முதல் பயிற்சிச் சனிக்கிழமையில் கணவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாராம். மகனுடைய அடையாள அட்டை எங்கே? இட்லி மாவில் உப்புப் போட்டாயா? குழாய்க்காரர் எண் என்ன? மனைவி படகா அருகே லாரிகள் செல்லும் சாலையோரம் இறங்கி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ‘உதவி செய்கிறேன்’ என்ற சொல்லையே அந்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து நீக்கச் சொன்னேன். தன் பிள்ளைக்குத் தகப்பன் சோறு போடுவது உதவியாகுமா?

நான்காவது, பயத்தை மறைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் மனைவி தனியே செல்வது கணவருக்குக் கலக்கமாயிருந்தது. அதைக் கோபமாகக் காட்டினார். பயம் என்று ஒப்புக்கொண்ட பின்பு வழி பிறந்தது. ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, ஒளியைத் திருப்பும் மேலங்கி ஆகியவற்றை அவரே சரிபார்த்தார். கண்ட்ரோல் வந்ததும் ஒரு செய்தி அனுப்புவது என்று இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்தாவது, ஆராதனை நாள். காலை 6 மணிக்குத் தொடங்கினால் 200 கிலோமீட்டர் சனிக்கிழமை இரவு 7.30 மணிக்குள் முடிந்துவிடும். 300 கிலோமீட்டருக்கு ஞாயிறு அதிகாலை 2 மணி வரை நேரம் உண்டு. 400, 600 என்றால் ஞாயிறு ஆராதனை போய்விடும். நான் தடைவிதிக்கவில்லை. அவர்களே கலந்துபேசி, இவ்வாண்டு 300 போதும் என்றார்கள். ஞாயிறு காலையில் ஓடப்போகிற சகோதரர்களும் இதே கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பிப்ரவரியில் அந்த நாள் வந்தது. மனைவி இருட்டில் கிளம்பிச் சென்ற சில மணி நேரத்தில் மகனுக்குக் காய்ச்சல், 100 டிகிரி. கணவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். மருந்து கொடுத்தார்; கஞ்சி வைத்தார். மறைக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. இகத்புரியிலிருந்து அவர் அழைத்தபோது உள்ளதை உள்ளபடி சொன்னார். “காய்ச்சல் குறைந்திருக்கிறது. நான் இருக்கிறேன். திரும்பி வருவதா, தொடர்வதா என்று நீயே முடிவு செய்.” அவர் தொடர்ந்தார். மாலை 6.50 மணிக்கு, நேரம் முடிய 40 நிமிடம் இருக்கும்போது, முடித்தார். “கணவாய் ஏறியதைவிட, அந்த ‘நான் இருக்கிறேன்’ என்ற சொல்லே எனக்கு நினைவிருக்கிறது, பாஸ்டர்” என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

மார்ச் மாதத்து 300 முடியவில்லை. வெயிலில் வயிறு கெட்டு, 240ஆவது கிலோமீட்டரில் நிறுத்திவிட்டார். கணவர் பிள்ளைகளை அண்டை வீட்டாரிடம் விட்டு, நள்ளிரவில் ஒரு வண்டி பேசிச் சென்று அழைத்துவந்தார். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று சொல்ல அவருக்கு நல்ல வாய்ப்பு. சொல்லவில்லை. ஞாயிறு காலை நால்வரும் ஆராதனைக்கு வந்திருந்தார்கள். அந்தச் சகோதரி பிரசங்கத்தின் நடுவே தூங்கிவிட்டார், நான் கண்டுகொள்ளவில்லை!

அடுத்த பருவத்தில் மீண்டும் 300 ஓட்டுவதாக இப்போது அவர்கள் நாட்காட்டியில் எழுதியிருக்கிறது. அவருடைய அடுத்த ஓட்டமும் அதில் வேறொரு மாதத்தில் எழுதியிருக்கிறது.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதியபோது ஓட்டப்பந்தயத்தை உவமையாக எடுத்தார். அந்நகரின் அருகில் இஸ்த்மிய விளையாட்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவந்ததால் அவர்களுக்கு அது எளிதில் விளங்கியிருக்கும். வெற்றிபெற்றவனுக்கு இலைகளால் பின்னிய முடி சூட்டுவார்கள். அவன் பயிற்சிக்குச் சென்ற நாட்களில் அவன் வீட்டில் அடுப்பு மூட்டியவர் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. பிரெவே அட்டையிலும் ஓட்டியவர் பெயர் மட்டுமே இருக்கும். துணையின்றி முடித்தார் என்று உலகம் சொல்லும். வீட்டில் இருந்தவரை அறிந்தவர் இருவர்: கர்த்தரும், திரும்பிவந்தவரும்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் ஓட்டமோ சைக்கிளோ இல்லாதிருக்கலாம். மேற்படிப்போ, இரவு வேலையோ, பாடகர் குழுப் பயிற்சியோ இருக்கலாம். இன்றிரவு ஒரு தாளை எடுத்து, உங்களுக்காக வீட்டில் இருந்தவர் எத்தனை மணி நேரம் இருந்தார் என்று எழுதிப்பாருங்கள். பின்பு அதை அவரிடமே காட்டி, “அடுத்த முறை உன்னுடையது, என்ன வேண்டும், சொல்” என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லமாட்டார். பொறுத்திருங்கள். நீண்ட நாள் யாரும் கேட்காத கேள்வி அது.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த இதழில் சந்திப்போம். உங்கள் இல்லத்தில் சமாதானம் தங்குவதாக.