வாக்கு உண்டு, வடிகால் எங்கே?

பண்டாரவளை நகருக்கு மாநகர சபை உண்டு. விளக்கும் வீதியும் குப்பை வண்டியும் அதன் பொறுப்பு. நகர எல்லையைத் தாண்டிப் பூனாகலைப் பக்கம் சென்றால் தோட்டங்கள் தொடங்குகின்றன. அங்கும் ஊர் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய லயக் காம்பராவில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருங்கி வாழ்கின்றனர். முன்னே ஒரு தகரக் கூரை, பின்னே ஒரு குசினி என்று ஊர் நீள்கிறது. அவ்வூருக்கு வடிகால் வெட்ட வேண்டியவர் யார்? நிருவாகம் சபையைக் காட்டுகிறது. சபை நிருவாகத்தைக் காட்டுகிறது.

இந்நிலை தானாக நேர்ந்ததன்று, சட்டத்தால் ஆக்கப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரை 1937ஆம் ஆண்டுத் திருத்தம் கிராமச் சபை வாக்குரிமைக்குப் புறம்பாக்கியது. 1948இல் பிரசாவுரிமையும் பறிபோயிற்று. நெடுங்காலப் போராட்டத்தின் பின் அவ்வுரிமைகள் மீண்டன. ஆயினும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செல்லத் தடையாய் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை நம் மக்கள் வாக்களித்துச் சபைகளை அமைத்தனர். அச்சபைகள் அவர்கள் வாசலோடு நின்றுவிட்டன!

தடை நீங்கியது நன்றே. ஆனால் செய்யலாம் என்பது வேறு. செய்தே தீரவேண்டும் என்பது வேறு. அதிகாரம் தந்த சட்டம் பணத்தைத் தரவில்லை. நிலமோ 1992 முதல் பெரும்பாலும் கம்பனிகளின் கையில்.

“உழைப்பைப் பெறும் கம்பனியே செய்யட்டும்” என்பாருளர். கம்பனி தன் கடமையினின்று தப்பக்கூடாதுதான். ஆனால் குத்தகை ஒருநாள் முடியும், ஊர் முடியாது. ஊரை ஆள்வது ஊராட்சியின் வேலையன்றோ?

மலைச்சரிவில் வடிகால் ஆடம்பரப் பொருளன்று. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்ததையும் பதுளை மாவட்டம் மறக்கலாகாது. கீழே மரக்கறி பயிரிடும் விவசாயிகளும் இதனை அயலார் துன்பமென எண்ணவேண்டாம். மேட்டில் வழியின்றித் தேங்கும் கழிவுநீர் பள்ளத்துத் தோட்டத்துக்கே வந்து சேரும்.

2025 மே மாதத்தில் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இரண்டே. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தோட்டக் குடியிருப்புகளுக்கெனத் தனித் தொகை ஒதுக்குங்கள்; எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு என்பதை வெளிப்படையாய் அறிவியுங்கள். சட்டமறிந்தோரும் கணக்கறிந்தோரும் அத்திட்டத்தை வாசித்து மக்களுக்கு விளக்கட்டும். வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த பாதை, வடிகால் வெட்டவும் திறந்தே இருக்கிறது.