நான்கு வீட்டிற்கு ஒரு புல்வெட்டி வண்டி



அமெரிக்க நாட்டின் புறநகர்களில் குடியேறியுள்ள நம் பிள்ளைகள் சொந்த வீடு வாங்கியதும் எதிர்கொள்ளும் முதற் செலவுகளுள் ஒன்று, வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டும் செலவாகும். நம் ஊர் முற்றத்தில் முருங்கையும் மருதாணியும் நிற்கும். புல் முளைத்தால் ஆடு மேய்ந்துவிடும். அங்கோ புல்லை வளர்ப்பதும் கடமை, வளர்ந்ததை வெட்டுவதும் கடமை. புல் 8 அல்லது 10 அங்குல உயரத்தைத் தாண்டினால் அபராதம் விதிக்கும் நகராட்சிகள் பல உண்டு. உண்ணவும் உதவாத, பூக்கவும் பூக்காத ஒரு பயிருக்கு இத்தனை உழைப்பா என்று நம் பெரியவர்கள் வியப்பது நியாயமே. எனினும் அங்கு குடியிருப்பவர் வியந்துகொண்டு நிற்க இயலாது.

கால் ஏக்கர், அதாவது நம் கணக்கில் 25 சென்ட் வரையிலான மனைக்குத் தள்ளிச் செல்லும் புல்வெட்டியே போதும். அரை ஏக்கரைத் தாண்டினால் அமர்ந்து ஓட்டும் வண்டியை மனம் நாடுகிறது. அதன் விலையோ, எளிய வகைக்கே இன்று ஏறக்குறைய 2000 டாலரிலிருந்து தொடங்குகிறது. வாரத்தில் அரைமணி நேரம் உழைத்துவிட்டு மீதி நேரமெல்லாம் கொட்டகையில் உறங்கும் ஒரு பொருளுக்கு இது பெருந்தொகை. கடைக்காரர் தவணை முறையை எடுத்துரைப்பார். அதன் பின்னே பெரும்பாலும் வட்டி ஒளிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் மூவர் நால்வர் பணம் போட்டு ஒரே வண்டியை ரொக்கமாக வாங்கிக் கொள்வது நல்ல யோசனையாகும். அவ்வாறு வாங்க எண்ணுவோருக்காகவே இம்மாதக் கட்டுரை.

இத்தகைய கூட்டுக் கொள்முதலில் வழக்கமாக என்ன நடக்கிறது? யாருடைய புல்வெளி பெரியதோ அவரே முன்னின்று கடைக்குச் செல்கிறார்; தம் நிலத்திற்கு ஏற்ற பெரிய வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார். மற்றவர்கள் தலையசைக்கின்றனர். வண்டி வந்து சேர்ந்த பின்னரே, அது மூன்றாம் வீட்டின் வேலிக் கதவுக்குள் நுழையாது என்பது தெரிய வருகிறது. பொதுவில் வாங்கும் வண்டியை மிகப் பெரிய புல்வெளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. நால்வரில் எவருடைய கதவு மிகக் குறுகியது, எவருடைய நிலம் மிகச் சரிந்தது, எவருக்கு ஓட்டும் பழக்கம் மிகக் குறைவு என்று பார்த்து, அவருக்கு ஏற்றதையே எடுக்க வேண்டும்.

வண்டியின் அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூட்டை 'டெக்' என்பர். அதன் அகலம் 30 அங்குலத்திலிருந்து 54 அங்குலம் வரையிலும் அதற்கு மேலும் கிடைக்கிறது. அங்குள்ள வேலிக் கதவுகள் பல 36 அங்குலமோ 48 அங்குலமோ அகலமுடையவை. 42 அங்குல வண்டி 48 அங்குலக் கதவில் நுழைந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். வெட்டிய புல்லை வெளித்தள்ளும் மூடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடை நிறுத்தி, மூடியை உயர்த்திப் பிடித்தால்தான் கடக்க இயலும். ஆகவே கடைக்குச் செல்லுமுன் அளவு நாடாவுடன் நான்கு வீட்டுக் கதவுகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அகலம் கூடினால் நேரம் மிச்சமாகுமே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பதை டெக்கின் அங்குல அகலத்தால் பெருக்கி 99 ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்பது கிடைக்கும். திருப்பங்களுக்கும் மரங்களுக்கும் கால் பங்கைக் கழித்துவிடலாம். 4 மைல் வேகத்தில் 42 அங்குல வண்டி மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர் வெட்டும். 54 அங்குல வண்டி 1.6 ஏக்கர் வெட்டும். நான்கு வீட்டாருக்கும் சேர்த்து 2 ஏக்கர் புல் என்றால், பெரிய வண்டியால் மிச்சமாவது சுமார் 20 நிமிடம். வீட்டுக்கு 5 நிமிடம்! இதற்காகவா ஒரு வீட்டாரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது?

நிலத்தின் சரிவைப் பற்றி ஒரு சொல். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதீர் என்று இவ்வண்டிகளின் கையேடுகள் பல எச்சரிக்கின்றன. கிடையாக 10 அடி செல்வதற்குள் தரை 2 அடி 8 அங்குலம் உயர்ந்தால் அதுவே 15 பாகை. பார்வைக்கு அது ஒன்றும் மலையாகத் தோன்றாது என்பதுதான் ஆபத்து. சரிவில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். புல் ஈரமாக இருந்தால் ஓட்டவே கூடாது. ஸ்டியரிங்குக்குப் பதிலாக இரண்டு நெம்புகோல்களைக் கொண்டு, நின்ற இடத்திலேயே சுழலும் 'ஜீரோ டர்ன்' வண்டி இன்று பலரையும் கவர்கிறது. பழகியவர் கையில் அது விரைவானதுதான். ஆனால் அதன் முன்சக்கரங்கள் தாமாகச் சுழல்பவை. சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைத் திருப்ப வேறு வழியில்லை. பலர் கைமாறி ஓட்டும் வண்டிக்கு ஸ்டியரிங் உடையதும், கியர் மாற்றும் தொல்லையில்லாத ஹைட்ரோஸ்டாடிக் வகையுமே தக்கது.

மின்கல வண்டியை வாங்கலாமா? சத்தமும் புகையும் இல்லை, பராமரிப்பும் குறைவு. கலிபோர்னியாவில் 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, 2024 முதல் புதிய பெட்ரோல் புல்வெட்டிகளுக்கு வழி அடைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் விலை அதிகம். மீண்டும் மின்னேற்றப் பல மணி நேரம் பிடிக்கும். நால்வரும் சனிக்கிழமை காலையிலேயே வெட்ட விரும்பினால் நான்காமவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தச் சனிக்கிழமைதான் கூட்டுக் கொள்முதலின் உண்மையான சோதனை. வட மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களில் புல் வெறிகொண்டாற்போல் வளரும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் அது நலிவுறும் என்பதால் வாரந்தோறும் வெட்டியாக வேண்டும். மூன்று நாள் மழை பெய்து நான்காம் நாள் வெயில் அடித்தால், நான்கு வீட்டாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். யாருக்கு எந்த நாள், மழையால் முறை தவறினால் அடுத்து யார் என்பதைப் பணம் கொடுக்குமுன் பேசி எழுதிக்கொள்வது நன்று.

செலவைப் பிரிப்பதற்கு வண்டியே உதவி செய்கிறது. எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்று காட்டும் கருவி பல வண்டிகளில் உண்டு. இல்லையேல் சிறு விலைக்கு வாங்கிப் பொருத்திக் கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எடுத்தபோதும் விட்டபோதும் எண்ணைக் குறித்தால், சுமார் 50 மணிக்கு ஒருமுறை வரும் எண்ணெய் மாற்றம், 25 மணிக்கு ஒருமுறை பிளேடு தீட்டுதல் ஆகியவற்றின் செலவு தானே பங்காகிவிடும். கல்லில் ஏற்றிப் பிளேடை வளைத்தவர் அதைத் தாமே சரிசெய்து தர வேண்டும் என்பதும் அந்த நோட்டின் முதற் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவர் வீட்டுக் களை விதை அடுத்த வீட்டுக்குப் போகாதிருக்க, டெக்கின் அடியைச் சுத்தம் செய்தே ஒப்படைக்க வேண்டும். காயம் நேர்ந்தால் யார் வீட்டு இன்சூரன்ஸ் பொறுப்பேற்கும் என்பதை அந்தந்த நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இனி கூறப்போவதைப் பேரப்பிள்ளைகளைக் காண அங்கு சென்று தங்கும் பெரியவர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். புல்வெட்டி பிளேடின் முனை நிமிடத்திற்கு 19,000 அடி வரை செல்லலாம் என்பது அங்குள்ள தர வரம்பு. மணிக்கு ஏறக்குறைய 345 கிலோமீட்டர் என்று பொருள். பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவது பாட்டனாருக்கு இன்பமாக இருக்கலாம். அவ்வாறு ஒருமுறை ஏறிய குழந்தை, வண்டியின் ஓசை கேட்டதும் மறுமுறையும் ஏறிக்கொள்ள ஓடி வரும், பின்புறமாக வரும். அப்போது வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தால் என்னவாகும் என்பதை எழுதவும் கை நடுங்குகிறது. கூட்டு வண்டியில் இந்த ஆபத்து பெருகுகிறது. தம் பிள்ளைகள் உள்ளே இருப்பதை ஓட்டுபவர் அறிவார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்பதை அறியார். பிளேடைச் சுழலவிடுமுன் அக்கம்பக்கத்து அழைப்பு மணியை அழுத்தி, சிறுவர்கள் உள்ளே இருப்பதை உறுதி செய்துகொள்வதை விதியாக்குங்கள். அமர்ந்து ஓட்டும் வண்டியை 16 வயது நிரம்பாதவரும், தள்ளும் வண்டியை 12 வயது நிரம்பாதவரும் இயக்கலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

இன்னொன்றும் உண்டு. ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் இருக்கையின் அடியில் இருக்கிறது. மேடுபள்ளத்தில் வண்டி அடிக்கடி நின்றுவிடுகிறது என்று சலித்து, சிலர் அதன் கம்பியை இணைத்து முடக்கிவிடுவர். முடக்கியவருக்கு அது தெரியும். மறுநாள் எடுத்துச் செல்லும் அண்டை வீட்டாருக்குத் தெரியாது. ஆகவே வண்டியைப் பெறும் ஒவ்வொரு முறையும், ஆளில்லாத சமதளத்தில் நிறுத்தி, பிளேடை ஓடவிட்டு, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லையேல் சாவியைக் கழற்றிக்கொண்டு, யார் செய்தார் என்று விசாரிப்பதற்கு முன் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

பனிக்காலம் வந்ததும் வண்டி யார் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் என்ற கேள்வி எழும். இடம் தருபவருக்குப் பராமரிப்புச் செலவில் சிறிது கழித்துக் கொடுப்பது முறையாகும். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெடத் தொடங்கும். ஆதலால் தொட்டியைக் காலி செய்தோ, கெடாமலிருக்க உதவும் மருந்தைக் கலந்தோ வைத்து, பேட்டரியைக் கழற்றி உறைபனி படாத இடத்தில் வையுங்கள். சாவி மட்டும் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.